வீட்டில் சோப்பு செய்ய காஸ்டிக் சோடா: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டிலேயே சோப்பு செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எண்ணெய்க்கோ அச்சுக்கோ வாசனைத் தைலத்துக்கோ திண்டாடுவதில்லை. எல்லோரும் வந்து நிற்கிற இடம் காஸ்டிக் சோடாதான். எங்கே கிடைக்கும், எதை வாங்குவது, மலைக்கு எப்படிக் கொண்டு வருவது, இந்த ஈரத்தில் எப்படி வைத்திருப்பது என்று ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். முதல் தடவை செய்கிறவர்கள் வரிசையாகப் படியுங்கள். ஏற்கெனவே செய்கிறவர்கள் ஈரம், சாம்பல் பற்றிய கேள்விகளுக்கு நேரே போகலாம்.

அக்கா, காஸ்டிக் இல்லாம சோப்பு செய்யவே முடியாதா?

முடியாது. எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்து மாறுவதுதான் சோப்பு. "கெமிக்கல் இல்லாத சோப்பு" என்று விற்பதும் இப்படிச் செய்ததுதான். உருக்கி ஊற்றுகிற சோப்புக் கட்டி கடையில் கிடைக்கிறதே என்பார்கள். அதில் காஸ்டிக் வேலையை வேறு யாரோ முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். காஸ்டிக்கைத் தொடவே பயம் என்றால் அந்தக் கட்டியை வாங்கிச் செய்யுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அப்போ குளிக்கிற சோப்புல காஸ்டிக் இருக்குமா? குழந்தைக்குப் போடலாமா?

சரியாக எடை போட்டுச் செய்திருந்தால் காஸ்டிக் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்துவிடும். அதனால்தான் கணக்கில் எப்போதும் கொஞ்சம் எண்ணெயை மிச்சம் விடுகிறோம். கைக்குழந்தைக்கு எந்தச் சோப்பு என்பதை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் செய்தது என்பதாலேயே அது மென்மையாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கடையில என்ன பேர் சொல்லிக் கேக்கணும்?

"காஸ்டிக் சோடா" என்று கேளுங்கள். லேபிளில் "சோடியம் ஹைட்ராக்சைடு" என்று போட்டிருக்க வேண்டும். வெறுமனே "காரம்" என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் படிக்காரமோ வெங்காரமோ கைக்கு வரும், இரண்டும் ஆகாது. மளிகைக் கடையில் "சோடா" என்றால் சலவை சோடாவோ ஆப்ப சோடாவோ கொடுப்பார்கள். அவையும் வேறு பொருள்கள், எவ்வளவு கொட்டிக் காய்ச்சினாலும் எண்ணெயைச் சோப்பாக்காது.

"காஸ்டிக் பொட்டாஷ்" என்று இன்னொன்று உண்டு. அது திரவச் சோப்புக்கு. கட்டிச் சோப்புக்கு அதைப் போட்டால் களிம்பாகவே நிற்கும்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில எங்க கிடைக்கும்?

ஹார்டுவேர் கடை, பெயிண்ட் கடை, குழாய் சாமான் கடை, அப்புறம் ஹோட்டல்களுக்கும் லாட்ஜுகளுக்கும் பினாயில், சோப் ஆயில் போடுகிற கடை. இந்த வரிசையில் விசாரியுங்கள். சாக்கடை அடைப்புக்காக ஏதாவது ஒன்றில் வைத்திருப்பார்கள். பெரிய மூட்டையைப் பிரித்து, பேர் எழுதாத பாலித்தீன் பொட்டலமாக அது வருவதுதான் சிக்கல். அது எப்போது பிரித்தது, எத்தனை மழையைப் பார்த்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

ஆகவே என் யோசனை, கீழே போகிற வேலை இருக்கும்போது வாங்கி வந்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலேயே விசாரிக்கலாம். கோயம்புத்தூரில் லேப் கெமிக்கல் விற்கிற கடைகளும் சோப்பு, பினாயில் மூலப்பொருள் விற்கிற கடைகளும் இருக்கின்றன. திருப்பூர், ஈரோடு பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்னும் சுலபம். அங்கே சாயப்பட்டறைகளுக்குத் துணியை வெளுக்கக் காஸ்டிக் வேண்டும் என்பதால் சாயக் கெமிக்கல் கடைகளில் சாதாரணமாகப் புழங்கும் சரக்கு அது. தமிழ்நாட்டில் மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலும் காஸ்டிக் சோடா தயாரிக்கும் ஆலைகளே உண்டு. நமக்குப் பொருள் பஞ்சமில்லை, நூறு இருநூறு கிராம் கேட்கிறவருக்குச் சீல் உடையாத டப்பாவாகக் கிடைப்பதுதான் பஞ்சம். கூடலூர்க்காரர்கள் சுல்தான் பத்தேரி, மைசூர் பக்கம் போகிறபோது விசாரித்துப் பார்க்கலாம்.

கடையில ஆதார் கேக்கறாங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்?

ஒரு தப்பும் இல்லை. ஆசிட் வீச்சு வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்கு அடையாள அட்டை, பதிவேடு என்று கட்டுப்பாடு விதித்தது. அதற்குப் பிறகு கெமிக்கல் கடைக்காரர்கள் பலரும் அரிக்கிற பொருள் எதுவானாலும் யார், எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். "வீட்டில் சோப்பு செய்ய" என்று உள்ளதைச் சொல்லி, கேட்டதைக் கொடுங்கள். ஒன்றுமே கேட்காமல் பேப்பரில் மடித்துத் தருகிற கடையைவிட இந்தக் கடை மேல்.

அடைப்பு எடுக்கற பவுடர்லயும் காஸ்டிக்தானே இருக்கு? அது போதாதா?

போதாது. அந்தப் பவுடர்கள் சிலவற்றில் காஸ்டிக்கோடு உப்பு, நிறம், அலுமினியத் துணுக்கு என்று கலந்திருக்கும். அலுமினியம் காஸ்டிக்கோடு சேர்ந்தால் சூடாகிப் பொங்கி ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அடைப்பை இளக்க அது உதவும், சோப்புக்கு உதவாது. பாக்கெட்டில் நூற்றுக்கு எத்தனை பங்கு காஸ்டிக் என்று எழுதியிருக்காத எதையும் வைத்துக் கணக்குப் போட முடியாது. டாய்லெட் கழுவும் திரவங்களில் பல, ஆசிட். அவற்றைக் காஸ்டிக் டப்பாவின் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

செதில் மாதிரி, முத்து மாதிரி, வில்லை மாதிரி இருக்கே. எது நல்லது?

மூன்றும் ஒன்றுதான். செதில் மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் தூசி பறக்கும், மூக்கில் ஏறும். முத்து வடிவம் தூசியில்லாமல் சிந்தி விழும், ஈரம் பட்டால் உருண்டு எங்கெங்கோ ஒட்டும். வில்லை பெரும்பாலும் லேப் சரக்கு.

லேப் கிரேடு வாங்கினாத்தான் சுத்தமா இருக்குமா?

விலை பல மடங்கு, சுத்தத்தில் அத்தனை வித்தியாசம் இல்லை. சாதாரணத் தொழிற்சாலைச் செதிலே நல்ல சரக்காக இருந்தால் 98 சதவீதத்தை ஒட்டி இருக்கும். லேப் டப்பாவிலும் 97, 98 என்றுதான் போட்டிருக்கும். நான் லேப் டப்பாவைச் சிபாரிசு செய்வது வேறு காரணத்துக்காக. அது அரை கிலோ அளவில், சீல் வைத்து, கனமான பிளாஸ்டிக் புட்டியில், தயாரித்த தேதியோடு வருகிறது. மலையில் நமக்கு அந்தப் புட்டிதான் முக்கியம். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை சோப்பு செய்கிறவருக்கு அது கட்டுப்படியாகும். மாதாமாதம் செய்கிறவர் செதிலே வாங்கலாம்.

எவ்வளவு வாங்கணும்?

எண்ணெயைப் பொறுத்தது. ஒரு கிராம் எண்ணெய்க்குத் தேவையான காஸ்டிக், தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. உதாரணமாக 700 கிராம் தேங்காய் எண்ணெய், 200 நல்லெண்ணெய், 100 விளக்கெண்ணெய் என்று ஒரு கிலோ எடுத்தால் 128.1, 26.8, 12.8, ஆக மொத்தம் 167.7 கிராம். அதில் 5 சதவீதம் குறைத்தால் 159 கிராம். அந்த 5 சதவீதம்தான் மேலே சொன்ன மிச்ச எண்ணெய். தண்ணீர் காஸ்டிக்கைப் போல இரண்டு மடங்கு, அதாவது 320 கிராம் அளவுக்கு.

அரை கிலோ டப்பா மூன்று தடவைக்கு வரும். அதற்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம். எண்ணெயை லிட்டரில் அளக்காதீர்கள், எல்லாமே தராசில்தான். ஒரு கிராம் வரை காட்டுகிற சமையல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கரண்டிக் கணக்கு சாம்பாருக்குச் சரி.

ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வீட்டுக்கே வராதா?

சில விற்பனையாளர்கள் தரை வழியாக அனுப்புகிறார்கள். விமானத்தில் போகிற பார்சலில் இதை ஏற்க மாட்டார்கள், தபாலிலும் கூடாது. அதனால் நம் பின்கோடு போட்டதும் "அனுப்ப இயலாது" என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், கோயம்புத்தூர் சொந்தக்காரர் முகவரிக்கு வரவழையுங்கள். வந்த பெட்டி நனைந்திருந்தாலோ உள்ளே கலகலவென்று சிந்திய சத்தம் கேட்டாலோ வீட்டுக்குள் வைத்துப் பிரிக்காதீர்கள். கையுறை போட்டு வெளியே வைத்துப் பாருங்கள்.

மேட்டுப்பாளையத்துல இருந்து பஸ்ஸுல, இல்ல மலை ரயில்ல கொண்டு வரலாமா?

ரயிலில் கூடவே கூடாது. அரிக்கும் பொருளைப் பயணிகள் ரயிலில் எடுத்துப் போவது சட்டப்படி குற்றம், மலை ரயிலுக்கும் அதுவே. பஸ்ஸும் இதற்கான இடமில்லை. பர்லியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் பை உருண்டு திறந்துகொண்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கால்தான் வெந்துபோகும். சொந்த வண்டியிலோ தெரிந்தவர் காரிலோ கொண்டு வாருங்கள். திருகு மூடி போட்ட கனமான டப்பாவை ஒரு வாளிக்குள் நேராக நிறுத்தி, பக்கத்தில் பழைய துணி அடைத்து, டிக்கியில் வையுங்கள். காய்கறி, பால் பாக்கெட், பிஸ்கட் எதுவும் அதோடு வேண்டாம்.

பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டு வந்தால் இன்னொரு தொல்லை. நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, செக்போஸ்டில் பையைப் பிடுங்குவார்கள். வெள்ளைச் செதிலோடு பாலித்தீன் பையைப் பிரித்துக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? லேபிளோடு இருக்கும் டப்பாவும் கடை பில்லும் பேச்சை மிச்சப்படுத்தும்.

போன ஜூன்ல வாங்கினது. இப்பப் பார்த்தா கட்டியா இருக்கு. பயன்படுத்தலாமா?

நம் ஊரில் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். காஸ்டிக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அப்புறம் கரியமில வாயுவையும் இழுக்கும். ஈரம் ஏறினால் எடை கூடும். கரியமில வாயு ஏறினால் மேலே வெள்ளைப் பொருக்கு கட்டும், அந்தப் பொருக்கு சலவை சோடா. நடுவட்டம், கூடலூரில் தென்மேற்குப் பருவமழையும் குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி மழையும் மூடுபனியும் இருக்கும்போது மூடியைச் சரியாகத் திருகாத டப்பா ஒரு வாரம்கூடத் தாங்காது.

கெட்டுப்போனதைப் போட்டால் என்ன ஆகும்? மேலே சொன்ன கணக்கில் 159 கிராம் போடுகிறீர்கள். அதில் பத்தில் ஒரு பங்கு ஈரம் என்றால் உண்மையில் போனது 143 கிராம்தான். 5 சதவீதம் மிச்சம் இருக்க வேண்டிய எண்ணெய் 14, 15 சதவீதமாகிவிடும். சோப்பு கையைச் சுடாது, ஆனால் மெத்தென்று இருக்கும், நுரை குறையும், சீக்கிரம் சிக்கு வாடை வரும். இதைச் சரிக்கட்டுகிறேன் என்று குத்துமதிப்பாக இன்னும் ஒரு கை காஸ்டிக் போடுவதுதான் ஆபத்து. அந்தச் சோப்பு தோலை எரித்துவிடும்.

சந்தேகமிருந்தால் ஒரு சின்னச் சோதனை. ஒரு சிட்டிகை காஸ்டிக்கை அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, ஆறியதும் அந்தக் கரைசலில் சில சொட்டு எடுத்து, ஒரு கரண்டி வினிகரில் விடுங்கள். குமிழ் வந்தால் சலவை சோடா ஏறிவிட்டது. கரைசலில் வினிகரை விடாதீர்கள், காஸ்டிக் மிகுந்திருக்கும்போது குமிழ் தெரியாது. கொஞ்சமாக ஏறியிருந்தால் குமிழ் தெரியாமலும் போகலாம், ஆகவே குமிழ் வராததோடு உதிரியாகவும் இருந்தால்தான் பயன்படுத்தலாம். பாறை மாதிரி இறுகினதையும் நசநசவென்று வேர்த்ததையும் சோப்புக்கு எடுக்காதீர்கள், அடைப்பு எடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கெட்டுப் போகாம எப்படி வைக்கறது?

மாசி, பங்குனியில் வாங்கி, பிரித்த அன்றே 160 கிராம் 160 கிராமாகச் சிறு டப்பாக்களில் போட்டுவிடுங்கள். ஒரு தடவை சோப்புக்கு ஒரு டப்பா. மற்றவை திறக்கப்படாமலேயே இருக்கும். டப்பா அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று எண் இருக்கும் பிளாஸ்டிக்காகப் பாருங்கள். "காஸ்டிக், தொடாதே" என்று பெரிதாக எழுதி, பூட்டுகிற அலமாரியில் உயரத்தில் வையுங்கள். கல்கண்டு, உப்பு இருந்த பழைய பாட்டிலில் வைப்பதைப்போல் அபாயம் வேறில்லை.

வீட்டுக்கு வெளியே கொட்டகையில் வைக்கலாமா என்றால், காஸ்டிக்கை வைக்கலாம், ஈரம் வராவிட்டால். சோப்பு எண்ணெயை வைக்காதீர்கள். எண்ணெய் வாசத்துக்குக் கரடி கதவை உடைத்த கதை கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணியில கரைச்சே வச்சுக்கிட்டா ஈரத் தொல்லை இல்லையே?

கெட்டிக்கார யோசனைதான், கீழ்நாட்டில் செய்கிறார்கள். பாதிக்குப் பாதி கரைசலாக வைத்துக்கொண்டு வேண்டும்போது எடுப்பார்கள். ஆனால் அந்த அடர்த்திக் கரைசல் சுமார் 12 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஊட்டியில் மார்கழி, தையில் உறைபனி விழுகிற இரவுகளில் அடியில் படிகம் படிந்து, மேலே நீர்த்தது நிற்கும். மேலாக ஊற்றி எடுத்தால் கணக்கு தப்பும். குளிர்காலத்தில் அன்றன்று கரைப்பதே நல்லது.

எந்தப் பாத்திரத்துல கரைக்கறது?

எவர்சில்வர், அல்லது மேலே சொன்ன 5 எண் பிளாஸ்டிக் வாளி. அலுமினியம், இண்டாலியம், ஜிங்க் பூசிய தகர வாளி, நான்ஸ்டிக் எதுவும் கூடாது, காரணம் அடைப்புப் பவுடர் கேள்வியில் இருக்கிறது. கண்ணாடி ஜாடி சூட்டில் விரியலாம்.

தண்ணீரில் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விடாமல் கிண்டி, காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஊட்டியில தண்ணி சீக்கிரம் கொதிக்குமே, கரைக்கும்போது பொங்காதா?

2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும், உண்மை. காஸ்டிக் கரையும்போது தானாகவே 80, 90 டிகிரி வரை ஏறும். காஸ்டிக் கலந்த தண்ணீரின் கொதிநிலை வெறும் தண்ணீரைவிட அதிகம் என்பதால் முழுவதும் பொங்காது. ஆனால் கிண்டாமல் அடியில் குவிந்த இடத்தில் திடீரென்று கொதித்துத் தெறிக்கலாம். குழாயில் வருகிற சில்லென்ற தண்ணீரையே எடுங்கள். குளிருக்குக் கை விறைக்கிறது என்று வெந்நீரில் கரைக்காதீர்கள்.

நம் ஊர்க் குளிர் வேறொரு இடத்தில் ஏமாற்றும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும், இங்கே வருஷத்தில் பாதி நாள் கட்டிதான். உருக்கிய எண்ணெய் கலக்கும்போது ஆறினால் கெட்டியாகிவிடும், சோப்பு சேர்ந்துவிட்டது போலத் தெரியும். அச்சில் ஊற்றிய பிறகு பிரிந்து நிற்கும். எண்ணெயையும் கரைசலையும் 40 டிகிரிக்கு மேல் வைத்துக் கலக்குங்கள்.

சோப்பு மேல வெள்ளையாப் பூத்திருக்கு. காஸ்டிக் வெளிய வந்துடுச்சா?

மேலே மாவு மாதிரி பூத்திருந்தால் அது சலவை சோடாதான், கழுவினால் போய்விடும். வெட்டும்போது உள்ளே வெள்ளைக் கட்டியோ நீர்க்கோத்த ஓட்டையோ இருந்தால் அது கரையாத காஸ்டிக், அந்தச் சோப்பைப் பயன்படுத்த வேண்டாம். மற்றபடி சமவெளியில் நாலு வாரத்தில் காய்வது நம் பனியில் ஆறு வாரம், அதற்கு மேலும் ஆகும்.

எங்க வீட்டுல தினமும் விறகு அடுப்பு. சாம்பல்லயே எடுத்தா கடைக்கே போக வேண்டாமே?

தேயிலை விறகு, சீகை, கற்பூர மரம் எல்லாச் சாம்பலிலும் காரம் இருக்கிறது. மழைத்தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் வழுவழுவென்று ஒரு தண்ணீர் வரும், பாத்திரமும் துணியும் விளங்கும். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். எண்ணெயைச் சோப்பாக்க அதைச் சுட்ட சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சிக் காஸ்டிக் பொட்டாஷாக மாற்ற வேண்டும். அப்போதும் வருவது களிம்புச் சோப்பு. உப்புப் போட்டுப் பிரித்தால் கொஞ்சம் கெட்டிப்படும்.

முட்டை மிதந்தால் பக்குவம் என்பார்கள். முட்டை மிதப்பது கரைசல் அடர்த்தியைத்தான் காட்டும், அதில் எத்தனை கிராம் காஸ்டிக் என்று காட்டாது. பாத்திரம் தேய்க்கிற சோப்புக்கு விளையாட்டாகச் செய்து பாருங்கள். குளிக்கிற சோப்புக்கு வேண்டாம்.

சலவை சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்தா காஸ்டிக் வருமாமே?

வரும். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். கணக்குப்படி 106 கிராம் நீரில்லாத சலவை சோடாவும் 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் 80 கிராம் காஸ்டிக் கொடுக்கும், சுண்ணாம்புக்கல் அடியில் தங்கும். ஆனால் கடையில் வாங்கும் சோடாவில் எவ்வளவு நீர், சுண்ணாம்பில் எவ்வளவு கல் என்று தெரியாது. முட்டைக் கதைதான் மறுபடியும்.

மேலே பட்டா வினிகர் ஊத்தணுமா?

வேண்டாம். காய்ந்த செதில் பட்டால் முதலில் தட்டிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் கழுவுங்கள். பட்ட துணியைக் கழற்றிவிடுங்கள். வினிகர் காஸ்டிக்கோடு சேரும்போது சூடு கிளம்பும், நேரமும் வீணாகும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை வாயில் போட்டுவிட்டால் வாயைக் கொப்பளிக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

நல்லா வந்துச்சுன்னா டூரிஸ்ட்டுக்கு விக்கலாமா?

வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் தடையில்லை. விற்பதற்கு 2020-ஆம் வருஷத்து அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும். நீலகிரித் தைலம் கலந்த சோப்பு என்று லேபிள் ஒட்டுவதற்கு முன் அந்த வேலையைப் பாருங்கள்.

மாமியார் வச்சிருந்த டப்பா, லேபிள் இல்ல. காஸ்டிக்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

விரலால் தேய்த்தோ நாக்கில் வைத்தோ பார்க்காதீர்கள். ஜன்னலோரம், அடுப்பிலிருந்து தள்ளி, கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஒரு சிட்டிகையை எவர்சில்வர் கிண்ணத்துத் தண்ணீரில் போடுங்கள். கிண்ணம் சூடாகி, அதில் போட்ட அலுமினியத் தாள் துணுக்கு நுரைத்தால் காஸ்டிக்காக இருக்கலாம். அது சோடியமா பொட்டாஷா, எத்தனை சதவீதம், என்ன கலந்திருக்கிறது என்பது இதில் தெரியாது. ஆகவே சோப்புக்கு எடுக்க வேண்டாம். வீட்டுச் சாக்கடை அடைத்தால், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி நிறையத் தண்ணீர் விட்டுத் தீர்த்துவிடுங்கள். ஓடைப் பக்கம் மட்டும் கொட்டாதீர்கள், கீழே ஊர்கள் அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கின்றன.